சப்-ஸ்டேஷனுக்குப் போட்ட வீட்டு வரி

எங்கள் ஊருக்கு மேற்கே ஆடு மேயும் புறம்போக்கு ஒன்று இருந்தது. அறுபதுகளின் நடுவில் அதில் பாதியைக் கம்பி வேலி போட்டு அடைத்து, மின்சார சப்-ஸ்டேஷன் கட்டினார்கள். அந்தச் சமயம் நாங்கள் ஊரில் இல்லை. அப்பாவின் பலசரக்குக் கடை நொடித்துப்போய், குடும்பத்தோடு அருப்புக்கோட்டைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அக்காவை மட்டும் சொந்த ஊரிலேயே கடை வைத்திருந்த சொந்தக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, மின்சார இலாகாவின் ஆபீஸ் ஒன்றில் தற்காலிக டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அந்த சப்-ஸ்டேஷன் சம்பந்தமான காகிதங்களெல்லாம் எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போய்வந்தன. எங்கள் ஊர்ப் பெயரை முதல் தடவை இங்கிலீஷில் அடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அந்த சப்-ஸ்டேஷனுக்குப் பஞ்சாயத்து போட்ட வரியில் நான் செய்த காரியத்தை இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தடவையும் காலம் கடந்துதான் சொன்னேன்.

பஞ்சாயத்துத் தலைவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு கிடையாது, சாதியும் வேறு. அப்பாவும் அவரும் திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். கரிசலில் மல்லியும் மிளகாயும் போடுகிற சம்சாரி. வாய் நிறையப் பேசுவார். யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. ஒருநாள் மத்தியானம் பஞ்சாயத்து கிளார்க்கைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். மேஜைக்கு எதிரே உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தாயி, ஒண்ணு கேக்கணும். ஊருல ஓலக் குடிசைக்குக்கூட வீட்டு வரி வாங்குறோம். இம்புட்டுப் பெரிய கரண்டு ஸ்டேஷனு நம்ம எல்லையில நிக்கிது. அதுக்கு வரி போடலாமா, கூடாதா?"

"அது கவர்மெண்டு சொத்து இல்லையா பெரியப்பா?"

"நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன். யூனியன் ஆபீசுல கேட்டேன். இலாகா தனி, கவருமெண்டு தனி, தாராளமாப் போடலாம்னுட்டாக. ஆனா எப்படிப் போடுறதுன்னு அவுகளுக்கும் தெரியல. வீடுன்னா ஓடா கூரையான்னு பாப்போம், நீள அகலம் அளப்போம். இது வெட்டவெளியில இரும்பால்ல நிக்கிது. கூரையே இல்லாதது வீட்டுல சேத்தியா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். பெரியப்பா அவரைப் பார்த்துத் தானும் சிரித்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஆபீஸ் அலமாரியில் சட்டப் புத்தகம் இருந்தது. அவர்களை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு எடுத்துப் பார்த்தேன். வரி கட்டடத்துக்கும் அது நிற்கிற மனைக்கும்தான். கட்டி முடிக்க என்ன செலவாகும் என்று மதிப்புப் போட்டு, பழசானதற்குக் கழித்து, மிச்சத்துக்கு வரி விதிக்கலாம். உள்ளே இருக்கிற மெஷினை அதில் சேர்க்கக் கூடாது. ஆனால் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கிற கான்கிரீட் மேடை கட்டடமா, மெஷினோடு சேர்ந்ததா? கேபிள் போகிற வாய்க்கால்? இரும்புத் தூண்கள்? அதற்கெல்லாம் அந்தப் புத்தகத்தில் பதில் இல்லை.

அவர்கள் திரும்பி வந்ததும் இதைத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்கிறார், கிணற்றுக் கயிற்றில் அடிக்கணக்குக்கு முடிச்சுப் போட்டு வேலியைச் சுற்றி அளந்தோம், உள்ளே இருக்கிற கட்டடத்தை எப்படி அளப்பது என்று பெரியப்பா கேட்டபோது, நான் ப்ளூ பிரிண்டை எடுத்து விரித்தேன். கண்ட்ரோல் ரூமின் நீள அகலம், ஆபரேட்டர்களுக்குக் கட்டிய குவாட்டர்ஸின் நீள அகலம் இரண்டையும் வீணாய்ப்போன தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். யாரையும் கேட்கவில்லை. ஊருக்கு ஏதோ உபகாரம் செய்கிறேன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

"மெஷினை விட்டுட்டுப் போடுங்க பெரியப்பா" என்றேன்.

"மெஷின விட்டுட்டா என்னத்த மிஞ்சும்? ஆட்டுக்கு இருந்த புல்லும் போச்சு, வேலியும் வந்துருச்சு. முழுசுக்கும் போட்டு வைப்போம். அதிகம்னா அவுக வாயத் தொறந்து சொல்லட்டும். அதுக்குத்தான் நாள் குடுத்துருக்குல்ல?"

ஆமாம், நாள் கொடுத்திருந்தது. நோட்டீஸ் கிடைத்த முப்பது நாளுக்குள் ஆட்சேபணை தர வேண்டும். தராவிட்டால் அடுத்த பொது மறுமதிப்பீடு வரைக்கும் போட்ட வரி போட்டதுதான்.

மார்கழி கடைசியில் நோட்டீசோடு வந்தார்கள். திறப்பு விழா மேடையில் சொன்ன மொத்தச் செலவையே மதிப்பாக வைத்து வரி போட்டிருந்தார்கள். அடியில் கட்டட அளவுகளும் இருந்தன. நான் எழுதிக் கொடுத்த அதே அளவுகள், அங்குலம் மாறாமல். தபால் பார்க்கிற குமாஸ்தா லீவில் இருந்ததால் தேதி முத்திரையும் வரவுப் பதிவேடும் அந்த வாரம் என் பொறுப்பில் இருந்தன. பஞ்சாயத்து கிளார்க் ஒரு நோட்டை நீட்டினார்.

"வாங்கிக்கிட்டதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்கம்மா."

பெரியப்பா அந்த நோட்டை வாங்கித் தன் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். "நம்ம பிள்ளைட்ட என்னய்யா கையெழுத்து? வாரேன் தாயி. அப்பாவக் கேட்டதாச் சொல்லு."

எங்கள் இன்ஜினீயர் அன்றைக்குக் கேம்பில் இருந்தார். நோட்டீசில் முத்திரை குத்தி அவர் மேஜையில் வைக்க வேண்டியது என் வேலை. அளவுகளைப் பார்த்தவுடன் "இது எப்படி வெளியே போனது?" என்று கேட்பாரோ என்று பயம் வந்தது. தற்காலிக வேலை. ஒரு வார்த்தை எழுதினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர் நல்ல மனநிலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து நேரில் கொடுத்துக்கொள்ளலாம் என்று என் டிராயரில் வைத்தேன். பொங்கல் லீவு வந்தது. பிறகு அம்மாவுக்கு டைபாய்டு காய்ச்சல், பத்து நாள் நான் வேலைக்கே போகவில்லை. திரும்பி வந்தபோது மேஜை நிறைய அடிக்க வேண்டிய காகிதம். நோட்டீஸை மறந்துவிட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அதன் ஓரம் தெரியும். மேலே கார்பன் தாள்களை நகர்த்தி வைப்பேன்.

மாசி மாதம் பஞ்சாயத்திலிருந்து ரிஜிஸ்தர் தபாலில் வரி கேட்டு பில் வந்தது. இன்ஜினீயர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்ன தேதி நோட்டீஸ்படின்னு போட்டிருக்காங்க. அப்படி ஒரு நோட்டீஸ் வந்துச்சாம்மா? நான் பார்க்கவே இல்லையே."

"தேடிப் பார்க்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். நாளை எண்ணினேன். முப்பது நாள் எப்போதோ தாண்டியிருந்தது. எல்லோரும் சாப்பாட்டுக்குப் போகிற வரைக்கும் காத்திருந்தேன். தபால் குமாஸ்தாவின் மேஜையில் இருந்த முத்திரையின் சின்ன ரப்பர் சக்கரங்களை நகத்தால் திருப்பி, ஒன்பது நாளைக்கு முந்தைய தேதியை வைத்தேன். நோட்டீசின் மேல் மூலையில் குத்தினேன். பதிவேட்டில் அந்தத் தேதிக்குக் கீழே ஒரு வரி எழுத இடம் இருந்தது. எழுதினேன். எழுத்து அழகாகவே விழுந்தது.

"கிடைச்சிருச்சு சார். வேற ஃபைலுக்குள்ள போயிருந்தது."

அடியில் இருந்த அளவுகளை அவர் கவனிக்கவே இல்லை. முத்திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை. இன்னும் நாள் இருக்கு."

ஆட்சேபணையை நான்தான் எழுதினேன். அவர் சொன்ன நாலு வரியை நான் மூன்று பக்கமாக்கினேன். டிரான்ஸ்பார்மர் மெஷின், அதைத் தாங்குகிற மேடை மெஷினின் பகுதி, தூண்களுக்குக் கூரையில்லை, ஆகவே கட்டடமில்லை, வேலி வேலிதான். வரி விதிக்கத் தக்கது ஒரு கண்ட்ரோல் ரூமும் ஆறு குவாட்டர்ஸும் மட்டுமே. பெரியப்பா என்னிடம் வெள்ளந்தியாகக் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பத்தி இருந்தது. அவருடைய சந்தேகம் எங்கெங்கே என்று எனக்குத் தெரியும், அங்கெல்லாம் அழுத்தி எழுதினேன். இன்ஜினீயர் படித்துவிட்டு, "நீங்க டைப்பிஸ்ட்டா இருக்க வேண்டிய ஆளே இல்லம்மா" என்றார். அந்த வார்த்தை எனக்கு ஒரு வாரம் காதில் இனித்தது. இதையும் சொல்ல வேண்டும். பயத்தில் மட்டும் நான் செய்யவில்லை. எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வரி அதிகம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கெடுவுக்குள் சொல்லியிருந்தால் நியாயமாகவே குறைத்திருப்பார்கள். ஆனால் சொல்ல வேண்டிய நாளில் எங்கள் பக்கம் யாரும் சொல்லவில்லை. அப்படியானால் அந்த வரி ஊருக்குச் சேர்ந்தது. இலாகா பணம் கட்டியிருக்க வேண்டும், நான் வேலையை இழந்திருக்க வேண்டும். நடந்திருக்க வேண்டியது அதுதான்.

இதற்கிடையில் குழந்தைக்கு மொட்டை போட வந்த அக்கா வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்: "கிழக்க கெணறு தோண்டுறாகடி. மோட்டாரு வச்சுத் தெருவுக்குக் கொழாயி போடப் போறாகளாம். ஊரணித் தண்ணிய வடிகட்டி வடிகட்டிக் கையி ஓஞ்சு போச்சு. எல்லாம் உன் ஆபீசு குடுக்கப்போற வரிப் பணந்தானாம்."

"பணம் வரட்டும், பெறகு தோண்டலாம்ல?" என்று கேட்டேன்.

"முப்பது நாளு தாண்டியும் யாரும் ஒண்ணும் சொல்லலையாம். இனி மாத்த முடியாதுன்னு தலைவரு கூட்டத்துல சொன்னாக. ஆள் கூலிக்கு அவுக கைக்காசத்தான் இப்பப் போட்டுருக்காக."

முப்பது நாளை அவர் எண்ணியிருக்கிறார். நம்பித்தான் கடப்பாரையை எடுத்திருக்கிறார்கள்.

விசாரணை யூனியன் ஆபீசில் நடந்தது. இன்ஜினீயர் ஃபைலோடு என்னையும் ஜீப்பில் கூட்டிப்போனார். நான் போகமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. யூனியன் கமிஷனர் அறையில் ஒரு பக்கம் இன்ஜினீயரும் நானும் உட்கார்ந்தோம். எதிரே பெரியப்பாவும் பஞ்சாயத்து கிளார்க்கும். என்னைப் பார்த்ததும் பெரியப்பா முகம் மலர்ந்தது. எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் என்னை அவர் தன் பக்கத்து ஆளாகவே நினைத்திருந்தார்.

கமிஷனர் ஆட்சேபணையைப் புரட்டினார். "முதல்ல கெடு. ஆட்சேபணை முப்பது நாளுக்குள்ள வந்திருக்கா?"

இன்ஜினீயர் நோட்டீஸை நீட்டி முத்திரையைக் காட்டினார். பெரியப்பா எழுந்துவிட்டார்.

"இல்லைங்கய்யா, இது தப்பு. மார்கழியிலயே குடுத்துட்டேன். நானே கொண்டுபோயி இந்தா, இந்தப் பிள்ளை கையிலதான் குடுத்தேன்."

"ஒப்புகை வாங்கியிருக்கீங்களா?"

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா என் பக்கம் திரும்பினார். அந்தக் குரலில் சந்தேகமே இல்லை.

"தாயி, நீயே சொல்லு. என்னைக்கிக் குடுத்தேன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கமிஷனர் மேஜையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் காகிதங்கள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. நான் அந்தக் குண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"முத்திரையில இருக்கற தேதிதான் சரி. மார்கழியில வந்தீங்க. அப்ப விவரம் கேக்கத்தான் வந்தீங்க. நோட்டீஸ் பெறகுதான் வந்துச்சு."

கிளார்க், "என்னம்மா இப்படிச் சொல்றீங்க" என்று ஆரம்பித்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் நாளு கொழம்பிருச்சு போல. மார்கழியில ரெண்டு மூணு தடவ வந்தேன்" என்றார்.

என்னைப் பொய்க்காரி என்று சத்தம் போட்டிருந்தால் நான் ஒருவேளை அழுது உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டார்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. கண்ட்ரோல் ரூம், குவாட்டர்ஸ், அவை நிற்கும் மனை. அவ்வளவுக்குத்தான் வரி. ஊரில் ஒரு தெருவின் வீட்டு வரிக்குச் சமமாக வந்தது. வந்தவரை போதும் என்று பெரியப்பா மேல்முறையீடு போகவில்லை. சுக்கான் பாறை தட்டி, வேட்டு வைக்கக் காசில்லாமல் கிணறு பாதியில் நின்றது. அந்த வருஷக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. இன்ஜினீயர் சிபாரிசு எழுதியிருந்தார். அம்மா சேவு வாங்கித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள்.

அடுத்த கோடையில் நான் இன்னொரு காகிதம் அடிக்க வேண்டி வந்தது. தெரு விளக்குக் கரண்டுக்குப் பாக்கி வைத்திருக்கிற பஞ்சாயத்துகளின் பட்டியல். வரிப் பணத்திலிருந்து கட்டிவிடலாம் என்று எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அதை நிறுத்தி வைத்திருந்தது. பட்டியலில் ஊர்ப் பெயர் வந்ததும் கை தானாக நின்றது. பிறகு அடித்து முடித்தேன். ஊரை ஒட்டி சப்-ஸ்டேஷன் வெளிச்சமாக நிற்க, தெரு விளக்குகளைத் துண்டித்தார்கள். பெரியப்பா ஒரு ஜோடி மாட்டை விற்றுப் பாக்கியைக் கட்டி விளக்கை எரிய வைத்தார் என்று அக்கா சொன்னாள்.

அதோடும் முடியவில்லை. ஊரில் பேச்சுக் கிளம்பியது. அத்தனை பெரிய வரி எப்படிக் குறைந்தது? தலைவர் மாசத்துக்கு இரண்டு தடவை கரண்டு ஆபீசுக்குப் போய்வந்தாரே, எதற்கு? விசாரணையில் அவர்கள் சொன்னதுக்குச் சரி என்று உட்கார்ந்துவிட்டாராமே? காசு வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். மாட்டை விற்றதுகூட ஊர் வாயை அடைக்கத்தான் என்றார்கள். அவர் ஆபீசுக்கு வந்ததெல்லாம் என்னிடம் சட்டம் கேட்கத்தான். அடுத்து வந்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. நிற்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை.

நான் கல்யாணமாகி, இரண்டு பிள்ளை பெற்று, அருப்புக்கோட்டையிலேயே இருந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒருநாள் சந்தைக் கடைத் தெருவில் அவரைப் பார்த்தேன். ஒரு மூட்டை மல்லியைக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு, கூட்டம் குறைந்த ஓரமாக நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும், "நல்லா இருக்கியா தாயி? பிள்ளைக சொகமா?" என்று அதே குரலில் கேட்டார். எனக்கு நின்ற இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. பக்கத்துச் சந்துக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். டிராயர், முத்திரை, பதிவேடு. கமிஷனர் அறையில் சொன்ன பொய்.

அவர் கேட்டு முடித்ததும் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"அப்ப மார்கழியிலதான் குடுத்தேன்."

"ஆமா பெரியப்பா."

"எனக்குப் புத்தி பெரண்டுருச்சோன்னு நெனச்சேன் தாயி. அன்னையில இருந்து எதச் செஞ்சாலும் வீட்டுல உள்ளவகளக் கேட்டுக்கிட்டுத்தான் செய்யிறேன். நாளு கெழமையிலகூட என்மேல எனக்கே நம்பிக்கை இல்ல."

நான் காலில் விழப்போனேன். தள்ளி நின்றுகொண்டார்.

"அதெல்லாம் வேணாம். ஒரே ஒரு ஒத்தாசை செய்யி. அடுத்த வாரம் ஊருல கோயிலுக்குப் பொங்க வைக்கிறாக, எல்லாரும் கூடுவாக. நீ வந்து இதச் சொல்லு. இவரு காசு வாங்கல, நான்தான் தேதிய மாத்துனேன்னு ஒரு வார்த்தை. வரி வேணாம், கெணறும் வேணாம். இது ஒண்ணு போதும்."

"வாரேன் பெரியப்பா" என்றேன். சொன்னபோது மெய்யாகத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சொல்லவில்லை. ஊரில் சொன்னால் யாராவது ஒருவர் மொட்டைக் கடுதாசி போடுவார், பதிவேட்டை எடுப்பார்கள், வேலை போகும், ஒருவேளை கேஸும் வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை, என் சம்பளத்தில்தான் பாதிக் குடித்தனம். இப்படியெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பொங்கல் அன்றைக்குக் காலையில் சேலை கட்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். எங்கள் ஊர் வழியாகப் போகிற நரிக்குடி பஸ் வந்து நின்றது, ஆள் ஏறியது, கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று நின்றேன். அதுவும் போனது. வீட்டுக்குத் திரும்பி, பிள்ளைகளுக்குத் தோசை சுட்டேன்.

அவர் அதற்குப் பிறகு என்னைத் தேடி வரவில்லை. ஆள் மூலமாகக் கேட்கவுமில்லை. ஒரு வார்த்தை அக்காவிடம் சொல்லியிருந்தால்கூட ஊர் முழுக்கப் பரவியிருக்கும். தினம் தபாலைப் பிரிக்கும்போது அந்த மொட்டைக் கடுதாசி இருக்குமோ என்று பார்ப்பேன். வரவில்லை. வராதது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து, ஒரு ஐப்பசியில் அவர் இறந்துபோனார். நான் உடனே போகவில்லை. பதினாறாம் நாளெல்லாம் முடிந்த பிறகு போனேன். பெரியம்மா முற்றத்தில் சாக்கை விரித்து மிளகாய் வற்றலில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்து நானும் கிள்ள ஆரம்பித்தேன்.

"சாகையில சீக்குத் தொந்தரவு ஒண்ணுமில்ல" என்றார் பெரியம்மா. "ஊருல சொன்னதுதான் அவுக மனசுல கெடந்துச்சு. வரிய யாரு என்ன செஞ்சு கொறச்சாகன்னு தெரியாமலே போயிட்டாக."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் சந்தில் வைத்துச் சொன்னதை அவர் தன் சம்சாரத்திடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"அவருக்குத் தெரியும் பெரியம்மா" என்றேன். பிறகு சொன்னேன். இந்தத் தடவை அழவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றதையும் சேர்த்துச் சொன்னேன்.

பெரியம்மா கை நின்றுவிட்டது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லலையா அவுக?" என்று கேட்டார். அதைத் திரும்பத் திரும்ப இரண்டு மூன்று தடவை கேட்டார். "மூணு வருசம். ஒரு சோத்துல கைவச்சுத் தின்னோம்."

அந்த வீட்டில் நான் புதிதாக உண்டாக்கிவிட்டு வந்த வலி இது. பாவத்தை இறக்கி வைக்கப் போன இடத்தில், புருஷன் தன்னிடம் ஒன்றை மறைத்தார் என்பதை அவர் தலையில் வைத்துவிட்டேன்.

கடைசியில் என்னைப் பார்த்து, "உன்னயக் காப்பாத்திக் குடுத்துட்டுப் போயிட்டாக. எனக்கு அந்த மனசு இல்ல தாயி. நான் சொல்லுவேன்" என்றார்.

"சொல்லுங்க பெரியம்மா."

சொன்னார். அந்த வாரமே சொல்லியிருக்கிறார். பத்து நாள் கழித்து அக்கா அருப்புக்கோட்டைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"நெசமாடி?"

"ஆமாக்கா."

"ஊரணிக் கரையில என் கொடத்த நகட்டி வைக்கிறாளுக. மூணு பொம்பளைக எங்கூடப் பேசல. நீ டவுனுல இருந்துக்கிட்ட. நான் அங்கயில்ல இருக்கேன்?"

உள்ளே வரச் சொன்னேன். வந்தாள், தண்ணீர் குடித்தாள், பிள்ளைகளைத் தடவிக் கொடுத்தாள், அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள். ஏறக்குறைய இரண்டு வருஷம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடுதாசி கடைசிவரை வரவே இல்லை. ஊரில் அத்தனை பேருக்குத் தெரிந்தும் ஒருவர்கூட என் ஆபீசுக்கு எழுதிப்போடவில்லை. ஏன் என்று அக்காவிடம் ஒருதடவை கேட்டேன். பெரியம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். தன் புருஷன் பேர் மேல் இருந்த பழி போனால் போதும், அவள் பிள்ளைகள் சோற்றில் மண்ணைப் போட வேண்டாம் என்றாராம். நான் ஓய்வு பெறும்வரை அதே இலாகாவில் வேலை பார்த்தேன். பென்ஷனும் வாங்குகிறேன்.